காயலான்கடைக்குப் போன கோபால்ட்

ஆய்வுக்கூடத்துக் கதிரியக்கப் பொருள்களை யார் எண்ணுகிறார்கள், எதைக்கொண்டு அளக்கிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள்?

மேற்கு டெல்லியில் இருக்கும் மாயாபுரி, பழைய இரும்புக்குப் பேர்போன பேட்டை. ஓடாத லாரி, உடைந்த பிரிட்ஜ், கழித்துக் கட்டிய மெஷின் என்று எது வந்தாலும் வெட்டிப் பிரித்து, செம்பு தனி, ஈயம் தனி என்று எடைபோட்டு விற்றுவிடுவார்கள். நம் ஊர்க் காயலான்கடைகளுக்கெல்லாம் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010 பிப்ரவரியில் டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ஏலம் விட்ட பழைய சாமான்களோடு ஒரு கனத்த இயந்திரமும் அங்கே வந்து இறங்கியது. அதற்குள் ஈயம் நிறைய இருந்தது. ஈயத்துக்கு எப்போதும் நல்ல விலை. வெட்டினார்கள்.

இவ்வளவு ஈயத்தைப் போட்டு எதை மூடி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சில வாரங்களில் கடைக்காரருக்கும் வேலையாட்களுக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏப்ரல் 7-ஆம் தேதி டெல்லியின் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் போனது: ஒரு நோயாளி, கதிர்வீச்சுப் பாதிப்பு என்று சந்தேகம். மீட்டர்களோடு வந்தவர்கள் சந்து சந்தாகத் தேடியபோது முள் எகிறியது. கோபால்ட்-60. துண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளுக்குக் கைமாறியிருந்தன. ஒரு வியாபாரி சின்னத் துண்டு ஒன்றைப் பர்ஸில் போட்டு, பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். ஏப்ரல் 26-ஆம் தேதி ஒரு தொழிலாளி இறந்துபோனார். மேலும் சிலர் மருத்துவமனைகளில் கிடந்தார்கள்.

அந்தக் கோபால்ட் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. 1968-இல் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சு இயந்திரம் அது. 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு ஓர் அறையில் கிடந்து, பிறகு மேசை நாற்காலிகளோடு சேர்ந்து கழிவுப் பட்டியலில் ஏறிவிட்டது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஏழு படி அளவுகோலில் இந்த விபத்துக்கு நான்காம் படி கொடுத்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அதாவது 5 வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். வாங்கிய ஆண்டிலிருந்து எண்ணினால் 2010-க்குள் எட்டு முறை பாதியாகியிருக்கும்; ஆரம்பத்தில் இருந்ததில் சுமார் 250-இல் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சம்தான் ஒருவரைக் கொன்றது.

மாயாபுரியைப் பழைய இரும்புக்கடை விபத்தாகவே பலரும் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அது ஆய்வுக்கூட விபத்து. கதிரியக்கப் பொருளை வாங்கத் தெரிந்த ஒரு துறைக்கு, அதை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் போனதால் வந்தது.

ஹாட் ரூமில் ஒரு நாள்

கோபால்ட் இயந்திரம் போன்றவை பெரிய விஷயங்கள். நம் நாட்டு உயிரியல், மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் புழங்கியவை சின்னக் குப்பிகள்: பாஸ்பரஸ்-32, கந்தகம்-35, அயோடின்-125, ட்ரிட்டியம், கார்பன்-14. எதற்கு இவை? ஓர் அணுவுக்கு அடையாளம் கட்டி அனுப்பிவைத்தால், அது எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். திருவிழாக் கூட்டத்தில் குழந்தைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவது மாதிரி.

இந்த உத்தியைக் கண்டுபிடித்த ஹங்கேரிக்காரர் ஜார்ஜ் டி ஹெவெஷி, 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் வேலை பார்த்த நாட்களில் அவர் ஒரு வாடகை விடுதியில் சாப்பிட்டார். தட்டில் மிச்சம் வைப்பதையே விடுதிக்காரம்மா மறுபடி சமைத்துப் போடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். ஒருநாள் மிச்சத்தில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டு, அடுத்த சில நாட்களில் மேசைக்கு வந்த பதார்த்தத்தைக் கருவியால் சோதித்தார். கருவி ஆமாம் என்றது. கதை சிரிக்க நன்றாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு மாணவர் இதைச் செய்தால் ஆய்வுக்கூட உரிமமே போய்விடும், அது நியாயமும்கூட.

1952-இல் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் வைரஸின் டி.என்.ஏ.வுக்குப் பாஸ்பரஸ்-32 ரிப்பனும் புரதத்துக்குக் கந்தகம்-35 ரிப்பனும் கட்டி, பாக்டீரியாவுக்குள் பெரும்பாலும் நுழைவது டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய முக்கியமான கருவிகளில் ஒன்று சமையலறை மிக்ஸி. பரம்பரைப் பண்பு டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது என்பதை உலகம் நம்பத் தொடங்கியதில் அந்தக் குப்பிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாஸ்பரஸ்-32-இன் அரை ஆயுள் 14.3 நாட்கள். ஆகவே சரக்கு வந்தவுடன் வேலையைத் தொடங்கியாக வேண்டும். மீன் மார்க்கெட்டுக்கும் இதற்கும் அவ்வளவாக வித்தியாசம் இல்லை. இந்தியாவில் இந்த வகைக் குப்பிகளைத் தருவது அரசின் கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப் தொழில்நுட்ப வாரியம், அடையாளமிட்ட டி.என்.ஏ. மூலக்கூறுகள் ஐதராபாத்தில் உள்ள அதன் ஜொனாகி ஆய்வகத்திலிருந்து வரும். ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் பேச்சில் கதிரியக்கம் என்ற சொல்லை அதிகம் எடுப்பதில்லை. ‘இன்னிக்கு ஹாட் வேலை’ என்பார்கள். அதற்கென்று ஒதுக்கிய அறை ஹாட் ரூம்.

அறைக்குள் முதல் ஆச்சரியம், ஈயம் கண்ணில் படாது. மேசைமேல் கண்ணாடி போலத் தெளிவான ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் பலகை நிற்கும். பாஸ்பரஸ்-32 வெளிவிடுவது வேகமான பீட்டா துகள். காற்றில் ஆறு மீட்டர் வரைக்கும் போகும். அதை அக்ரிலிக் நிதானமாக உறிஞ்சிவிடும். நேரடியாக ஈயத்தில் மோதவிட்டால் துகள் சட்டென்று நின்று, அந்த ஆற்றல் எக்ஸ் கதிராகக் கிளம்பும். ஈயம் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர் இங்கே ஏமாந்துபோவார். கோபால்ட்டுக்கு ஈயம், பாஸ்பரஸுக்குப் பிளாஸ்டிக். எந்தப் பிசாசுக்கு எந்த மந்திரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தூரம். ஒரு மில்லிகியூரி பாஸ்பரஸ்-32 ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் இருக்கிறது என்று வையுங்கள். திறந்த குப்பியின் வாய்க்கு நேரே விரலை வைத்தால் மணிக்குச் சுமார் 260 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கான அலகு) விழும். கைவிரல்களுக்கு ஆண்டு முழுவதற்கும் அனுமதித்த உச்சவரம்பே 500 தான். ஆகவே குப்பியை இடுக்கியால் எடுப்பார்கள், அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்தே கையாள்வார்கள், குனிந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள். நல்ல ஆசிரியர் முதல் தடவை மாணவரிடம் ஐசோடோப்பைக் கொடுக்கவே மாட்டார். கலர் தண்ணீரை ஊற்றி, முழுச் சோதனையையும் ஒருமுறை ஒத்திகை பார்க்கச் சொல்வார். கை பழகினால் வேலை சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிந்தால் டோஸ் குறையும். ஒத்திகையில் மேசையில் விழுந்த சிவப்புத் துளிகளைப் பார்த்தால்தான் தன் கை எவ்வளவு சிந்துகிறது என்பது மாணவருக்கே தெரியவரும்.

கையுறை இரண்டு அடுக்கு. மேலடுக்கை அடிக்கடி மாற்ற வேண்டும். தட்டில் உறிஞ்சுதாள் விரித்திருக்கும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம், இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. ஐசோடோப் வைக்கும் பிரிட்ஜில் டிபன் பாக்ஸ் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்படி எழுதவேண்டி வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். இப்போது புதுத் தலைவலி செல்போன். கையுறைக் கையோடு வாட்ஸ்ஆப் பார்த்துவிட்டு, வெளியே வந்து வெறுங்கையால் அதே போனைக் காதில் வைத்தால், இரண்டு அடுக்குக் கையுறை போட்டதற்கு அர்த்தமே இல்லை.

வேலை தொடங்குமுன், நடுவில், முடிந்தபின் என்று மூன்று தடவை கைகர் கவுன்ட்டரை மேசை, பிப்பெட், கைப்பிடி, குழாய், செருப்பு எல்லாவற்றின் மேலும் மெதுவாக நகர்த்துவார்கள். ‘டிக் டிக்’ சத்தம் கூடினால் அங்கே சிந்தியிருக்கிறது. வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கித் துடைக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே துடைத்தால் கோலம் போட்டது மாதிரி பரவிவிடும்.

மௌனமான மீட்டர்

கைகர் கவுன்ட்டர் சத்தம் போடவில்லை என்றால் இடம் சுத்தம் என்று அர்த்தமா? பாஸ்பரஸுக்கு ஏறக்குறைய ஆமாம். ட்ரிட்டியத்துக்கு இல்லவே இல்லை. அதன் பீட்டா துகள் அவ்வளவு பலவீனம். கருவியின் ஜன்னலையே தாண்டி உள்ளே போகாது. ட்ரிட்டியம் கொட்டிக் கிடக்கும் மேசையின் மேல் கைகர் கவுன்ட்டரை நாளெல்லாம் நகர்த்தினாலும் அது வாயைத் திறக்காது.

அதற்கு ஸ்வைப் டெஸ்ட். சின்ன வட்டத் தாளால் மேசையின் ஒரு பகுதியைத் துடைத்து, அந்தத் தாளை ஒளிரும் திரவம் உள்ள குப்பியில் போட்டு, சிண்டிலேஷன் கவுன்ட்டருக்குள் வைத்தால், ட்ரிட்டியம் உண்டாக்கும் மினுக்கல்களை அது எண்ணிச் சொல்லும். சலிப்பான வேலை. வாரா வாரம் செய்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு வைக்க வேண்டும். தணிக்கைக்கு முந்தின நாள் ஒரே பேனாவில் ஆறு மாதத்துக்கும் எழுதிய நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை.

அயோடின்-125 வேறு மாதிரி. ஆவியாகும். கையுறை வழியாகவும் கசியும். உடம்புக்குள் போனால் நேராகத் தைராய்டைத் தேடிப் போய் உட்காரும். அதனால் அதை வைத்து மூலக்கூறுகளுக்கு அடையாளமிடுகிறவர், ஆவியை உறிஞ்சும் கூண்டுக்குள் வேலை செய்துவிட்டு, பிறகு கழுத்துப் பக்கம் கருவியை வைத்து அளந்துகொள்ள வேண்டும். இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்க ரோசலின் யாலோ உருவாக்கிய முறை கதிரியக்க அயோடினைத்தான் நம்பியிருந்தது. அதற்காக 1977-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்று தைராய்டு, ஹார்மோன் சோதனைகள் வேறு முறைகளுக்கு மாறிவிட்டாலும் அவற்றின் பாட்டி அதுதான்.

தாயத்து இல்லை

ஹாட் ரூமில் வேலை செய்கிறவரின் மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் தொங்கும். டி.எல்.டி. பேட்ஜ் என்பார்கள். உள்ளே மூன்று வில்லைகள்: டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். ஒன்றின் மேல் உலோக மறைப்பு, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. கதிர்வீச்சு விழ விழ அந்த ஆற்றலை வில்லை தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கே வில்லையைச் சூடாக்குவார்கள். பிடித்து வைத்ததை ஒளியாக உமிழும். ஒளியின் அளவு டோஸின் அளவு. எந்த வில்லையில் எவ்வளவு என்பதை வைத்து, விழுந்தது பீட்டாவா காமாவா என்றும் ஊகிக்கலாம்.

பலரும் இதைத் தாயத்து மாதிரி நினைத்துவிடுகிறார்கள். பேட்ஜ் யாரையும் காப்பாற்றாது. அது கணக்குப்பிள்ளை, நடந்ததை எழுதிவைக்கும், அவ்வளவுதான். அதிலும் எல்லாவற்றையும் எழுதாது. ட்ரிட்டியம், கார்பன்-14 போன்ற பலவீனமான பீட்டாக்கள் அதன் கணக்கிலேயே வராது. மார்பில் தொங்கும் பேட்ஜுக்கு விரல் வாங்கியது தெரியாது; அதற்கு மோதிர வடிவில் இன்னொரு அளவி வேண்டும். இதையெல்லாம்விட, அதைப் போட்டுக்கொண்டால்தான் அது கணக்கெழுதும். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பேட்ஜைக் கோட்டிலேயே குத்திவிட்டு, கோட்டைக் கழிவுப் பெட்டிக்கு மேலிருந்த ஆணியில் மாட்டுவது வழக்கம். மூன்று மாதம் கழித்து வந்த அறிக்கையில் இருந்த டோஸ் கோட்டு வாங்கியது. ஆள் நலமாக இருந்தார். விளக்கக் கடிதம் எழுதியே ஓய்ந்துபோனார்.

வரம்புகள் என்ன? இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மற்ற பல நாடுகளில் ஓர் ஆண்டுக்கு 50 வரை விடுகிறார்கள். நம் ஒழுங்குமுறை வாரியம் இதில் கறாராக இருக்கிறது, பாராட்ட வேண்டும். பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட். கர்ப்பம் என்று தெரிவித்த பெண்ணின் வயிற்றுக் குழந்தைக்கும் மீதி மாதங்களுக்கெல்லாம் சேர்த்து அதே 1. ஒப்பிட்டுப் பார்க்க: மண், காற்று, வானம், சாப்பாடு என்று இயற்கையே உலக மனிதருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் தருகிறது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலேயே விநாடிக்கு 4,000 அணுக்களுக்கு மேல் சிதைகின்றன. மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நிற்கிறவருக்கு இயற்கை கொஞ்சம் தாராளமாகவே அளக்கும். ஆகவே கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் ஓட வேண்டியதில்லை. எவ்வளவு என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல அங்கே ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

இரண்டு குடிநீர் இயந்திரங்கள்

1995 கோடைக்காலத்தில், அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு கர்ப்பிணி ஆய்வாளரின் உடலுக்குள் பாஸ்பரஸ்-32 இருப்பது தெரியவந்தது. அது சிந்தியதோ தெறித்ததோ அல்ல. உணவோடோ நீரோடோ உள்ளே போயிருந்தது. விசாரணை விரிந்தபோது அந்தத் தளத்தில் இருந்த குடிநீர் இயந்திரத்திலும் அது கலந்திருந்தது தெரிந்தது. மேலும் 26 பேர் உடலில் அதன் தடயம். வேண்டுமென்றே கலந்தது என்று முடிவானது. கலந்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இன்னோர் ஆய்வாளரின் உடலிலும் பாஸ்பரஸ்-32 கண்டுபிடிக்கப்பட்டது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2009 நவம்பரில், கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையம். அதுவும் குடிநீர் இயந்திரம்தான். இந்த முறை ட்ரிட்டியம் கலந்த கனநீர். சுமார் 55 ஊழியர்களுக்குப் பாதிப்பு. கைகர் கவுன்ட்டரும் பேட்ஜும் இதைப் பிடித்திருக்காது என்பதை மேலே படித்தவர்கள் யூகித்திருப்பீர்கள். பிடித்தது வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை. அங்கே எல்லோரும் குறித்த நாளில் ஒரு சின்னப் பாட்டிலில் சிறுநீர் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த அலுப்பூட்டும் சடங்குதான் குடிநீர் இயந்திரத்தைக் காட்டிக்கொடுத்தது. இதுவும் உள்ளாள் வேலை என்றே அதிகாரிகள் முடிவுக்கு வந்தார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. பாதுகாப்பு விதிகளை எழுதியவர்கள் கைதவறுகிற மனிதரை மனத்தில் வைத்து எழுதினார்கள். அக்ரிலிக் பலகை கைதவறுகிறவரைக் காப்பாற்றும். வஞ்சம் வைத்திருப்பவரை அது என்ன செய்யும்? அதற்குப் பூட்டும், சாவி யாரிடம் என்ற குறிப்பும், எத்தனை மைக்ரோகியூரி எடுத்தார்கள் என்ற வரியும்தான் உண்டு.

அந்த வரி எழுதுவதும் அவ்வளவு எளிதில்லை. மற்ற ஸ்டாக் ரிஜிஸ்டர்களில் பூட்டிவைத்த சரக்கு அப்படியே இருக்கும். இங்கே பூட்டுக்குள்ளேயே குறையும். பாஸ்பரஸ்-32 குப்பியைப் பதினான்கு நாள் கழித்து எடுத்தால் பாதியைக் காணோம். பூனை குடித்ததா, தானாகத் தீர்ந்ததா? தேதி போட்டு, சிதைவுக் கணக்குப் போட்டு, பயன்படுத்தியதைக் கழித்து, கழிவுக்குப் போனதைக் கழித்து, மிச்சம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். அவர்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். ஆர்.எஸ்.ஓ. என்று அழைப்பார்கள். அவர் இல்லாமல் உரிமம் இல்லை. பெரும்பாலும் அவர் அதே துறையின் இன்னோர் ஆசிரியராக, இதை உபரி வேலையாகச் செய்பவராக இருப்பார். தன் மூத்த பேராசிரியரிடம் போய் உங்கள் கணக்கு உதைக்கிறது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. நம் ஊர்த் துறைகளின் வரிசைமுறை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு சுலபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்பாக்கம், 2003

நமக்கு அருகில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2003 ஜனவரி 21-ஆம் தேதி, கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மறுசுத்திகரிப்பு ஆலை. குறைந்த கதிரியக்கமுள்ள கழிவிலிருந்து மாதிரி எடுக்கப் போனார்கள் ஊழியர்கள். ஒரு வால்வு பழுதாகி, அதிகக் கதிரியக்கமுள்ள கழிவு அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. அவர்களுக்கு அது தெரியாது. தெரிவிக்க வேண்டிய மீட்டர் அந்த இடத்தில் பொருத்தப்படவே இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை. ஆண்டுச் சராசரி வரம்பு 20 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்கு இது தெரியச் சுமார் ஆறு மாதம் ஆனது.

அது ஆலை, ஆய்வுக்கூடம் அல்ல என்று ஒருவர் வாதிடலாம். மாதிரிக் குப்பியைக் கையில் பிடித்து நடந்தவருக்கு இந்த வேறுபாடு எந்த வகையிலும் உதவியிருக்காது. திறமையான, பயிற்சி பெற்ற, கதிரியக்கத்தோடு பழகிய ஊழியர்களும், மீட்டர் இல்லாவிட்டால் மாயாபுரித் தொழிலாளி அளவுக்கே குருடர்கள். கதிர்வீச்சுக்கு வாசனை இல்லை, சூடு இல்லை, கை வைத்தால் சுடுவதும் இல்லை.

குப்பைக்கும் ஒரு ஜாதகம்

பாஸ்பரஸ்-32 கழிவை என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள், காத்திருப்பார்கள். பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. 143 நாள். பிறகு மீட்டரால் அளந்து, சாதாரணக் கழிவாக அனுப்பலாம். அயோடின்-125-க்கு 600 நாள் ஆகும். கந்தகம்-35-க்கு இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பை, பைமேல் பிறந்த தேதி. கலந்துவிட்டால் எல்லாம் மிக நீண்ட ஆயுள் உள்ளதன் கணக்கில் சேரும். அனுப்புமுன் கதிரியக்கத்தைக் குறிக்கும் மஞ்சள் மூவிதழ்ச் சின்ன ஸ்டிக்கரைக் கிழித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒன்றுமில்லாத பையில் அந்தச் சின்னத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி, ஒருநாள் உண்மையான பையையும் அப்படித்தான் நினைப்பார்.

கார்பன்-14-க்குக் காத்திருக்க முடியாது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கரிகாலன் கல்லணை கட்டிய நாளில் ஒருவர் ஒரு குப்பி மூடிவைத்திருந்தால், இன்றும் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே இருக்கும்.

அந்த மூவிதழ்ச் சின்னத்துக்கும் ஒரு கதை உண்டு. 1946-இல் பெர்க்லியின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. படித்தவர்களுக்குப் புரியும்; மற்றவர்களுக்கு மின்விசிறி மாதிரி தெரியும். இது புரிந்தபின் 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமை இன்னொரு சின்னத்தைக் கொண்டுவந்தது: சிவப்பு முக்கோணத்தில் மேலிருந்து விழும் கதிர்கள், மண்டையோடு, ஓடுகிற ஆள். இயந்திரத்தைப் பிரிக்கிறவர் கண்ணில் படும்படி உள்ளே ஒட்ட வேண்டியது. மாயாபுரிக்கு வந்த 1968-ஆம் ஆண்டு இயந்திரத்துக்கு இது காலம் கடந்த யோசனை.

மறந்தால் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2019 மே 2-ஆம் தேதி, சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டடத்திலிருந்து சீசியம்-137 இயந்திரம் ஒன்றை முறைப்படி, நிபுணர்களைக் கொண்டே அகற்றினார்கள். சீசியம் கூட்டை அறுக்கும்போது உடைப்பு ஏற்பட்டு, தூள் வெளியேறியது. 13 பேர் மேல் படிந்தது. ஏழு மாடிக் கட்டடம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே எது சிந்தியது, யார் மேல் என்று அன்று இரவே தெரிந்தது. மாயாபுரியில் கோபால்ட் எங்கிருந்து வந்தது என்று தெரியவே மூன்று வாரமும் ஓர் உயிரும் ஆனது.

மாயாபுரி சம்பவத்துக்குப் பிறகு டெல்லி பல்கலைக்கழகத்தின் கதிரியக்கப் பயன்பாட்டை ஒழுங்குமுறை வாரியம் நிறுத்திவைத்தது. நல்லது. ஆனால் 2012-இல் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வாரியத்தையே ஒரு கேள்வி கேட்டது: நாட்டில் உள்ள எல்லாக் கதிர்வீச்சு மூலங்களின் விரிவான பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? பயன்பாட்டிலிருந்து போனவை ஒழுங்காக அப்புறப்படுத்தப்பட்டன என்று உறுதிசெய்யும் அளவுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை என்பதே அறிக்கை கண்டது. அதன்பின் உரிமம், கொள்முதல், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் இணையத்தில் பதியும் ‘ஈலோரா’ முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. இனிமேல் வாங்குவதை அது பிடித்துவிடும். 1960-களில் வாங்கியதை?

இங்கேதான் எனக்குக் கவலை. ஆய்வுக்கூடங்களில் ஐசோடோப் பயன்பாடு குறைந்துகொண்டே வருகிறது. டி.என்.ஏ. வரிசையைப் படிக்க இப்போது ஒளிரும் சாயங்கள் போதும். இன்றைய ஆராய்ச்சி மாணவர்களில் பலர் கைகர் கவுன்ட்டரைத் தொட்டதே இல்லை. இதைக் கேட்டால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும். ஆனால் ஹாட் ரூம் சேமிப்பறையாக மாறுகிறது. ஆர்.எஸ்.ஓ. ஓய்வுபெறுகிறார், அவர் இடத்துக்கு யாரும் வருவதில்லை. சாவிக்கொத்தில் எதற்கென்று தெரியாத ஒரு சாவி மட்டும் தங்கிவிடுகிறது. மாயாபுரி இயந்திரமும் 1985-இலிருந்து இப்படித்தான் கிடந்தது.

தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகளில் வேலை பார்க்கும் துறைத் தலைவர்களுக்கும் ஸ்டோர் கீப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயற்பியல் செய்முறை அறையில் மரப்பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் அளவு சீசியம், கோபால்ட் வில்லைகளை எண்ணிப் பாருங்கள்; அவை மிகச் சிறியவை, பயப்பட வேண்டியதில்லை, ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். வேதியியல் ஸ்டோரின் மேல் தட்டில் தோரியம் நைட்ரேட், யுரேனைல் அசிடேட் பாட்டில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலுக்கு ஒளி தந்தது அந்தத் தோரியம்தான். எடை அதிகமாக, ஈயம் பூசி, யாருக்கும் பயன் தெரியாத பெட்டி ஏதாவது இருந்தால் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். கண்டெம் பட்டியலில் சேர்க்குமுன் ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள். காலாவதியான மூலங்களை வாங்கிப் பத்திரப்படுத்தக் கல்பாக்கத்திலேயே மத்தியக் கழிவு மேலாண்மை நிலையம் இருக்கிறது. ஏலக்காரர் வருமுன் அவர்களைக் கூப்பிடுங்கள்.